சாராயத்துக்கு எதிரான புத்தகங்கள்

ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்கம்மா, இன்னும் இருக்கு, இன்னும், இன்னும் என்று உள்ளே டெஸ்ட் எடுக்கிற பெண் கத்துகிறாள். இன்னும் எங்கே இருக்கிறது, இருந்ததையெல்லாம் மாடிப்படி ஏறும்போதே பிரிசில்லா விட்டுவிட்டாளே. நுரையீரலுக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தை மாடியில் வைத்திருக்கிறான்கள், லிஃப்ட் வேலை செய்யாது என்று அட்டை வேறு தொங்குகிறது, இவன்களுக்கெல்லாம் யார் அனுமதி கொடுத்தது, நான் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்த காலமாயிருந்தால் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. எழுந்து நின்றால் தெரிகிறது. மூக்கில் கிளிப், வாயில் குழாய், என் மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு ஊதுகிறாள். காலமெல்லாம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினவள், அவள் திரும்பிப் பார்த்தாலே கடைசி பெஞ்சு அடங்கும் என்பார்கள், அவளைப் போய் இந்தப் பெண் அதட்டுகிறாள், நல்லா பண்றீங்கம்மா ஆனா பத்தல, திரும்ப ஒருதடவை. என்னை ஒருநாள் வண்ணார்பேட்டையில் போலீஸ்காரன் நிறுத்தி ஊதச் சொன்னான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊதினேன், கருவி வாயைத் திறக்கவில்லை, போங்க சார் என்று விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து பெருமையடித்தேன். நான் வளத்த பிள்ளைல்லா என்று சொல்லி அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அப்போது சிரிக்கிறதற்கு அவளுக்கு மூச்சு இருந்தது. இப்போது சிரிப்பு வருகிற மாதிரி இருந்தால் கையைக் காட்டி என் வாயை அடைத்துவிடுகிறாள்.

இன்றைக்குச் சொல்லிவிடுவேன். பாளையங்கோட்டையில் பஸ் ஏறினதிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருகிறேன். டாக்டர், வீட்டில் பழைய புத்தகம் இருக்கு. இவ்வளவுதான். இதில் என்ன கஷ்டம். போன தடவை டாக்டர் நஸ்ரின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது ஆஸ்துமா இல்லை, இத்தனை நாள் உறிஞ்சின மருந்தெல்லாம் வீண், எதையோ சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் புண்ணாகித் தழும்பாகிக்கொண்டு வருகிறது, அது என்னவென்று கண்டுபிடித்தால் இந்த இடத்திலேயே நிறுத்தப் பார்க்கலாம் என்றாராம். கண்டுபிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தம்மா சொல்லவில்லையாம். நான் கீழே மருந்துக்கடையில் நின்றுகொண்டிருந்தேன், அதனால் எல்லாமே பிரிசில்லா வழியாகத்தான் எனக்கு வந்தது, ஆட்டோவில் வைத்துச் சொன்னாள். “வீட்டுல புறா வளக்கியளான்னு கேக்காங்க. நம்ம வீட்டுல புறாவுக்கு எங்க இடம்?” புத்தகத்தைப் பற்றிச் சொன்னியா என்று கேட்டேன். “அவங்க புறாவத்தான கேட்டாங்க” என்றாள். அப்புறம் ஆட்டோவுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அந்த முகத்தை எனக்குத் தெரியும். எங்கள் கேங்கில் ஒருத்தன் இருந்தான், வேலைக்கு வரும்போதே போட்டுக்கொண்டு வருவான், குடிச்சியாடே என்று கேட்டால் இப்படித்தான் கம்பத்தின் உச்சியைப் பார்ப்பான். பிரிசில்லாவை நான் குடிகாரனோடு சேர்த்துப் பேசுகிறேன். ஆண்டவரே. குடியை இவள் வெறுக்கிற மாதிரி இந்த ஜில்லாவில் யார் வெறுத்திருப்பார்கள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, என் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, நீங்க குடிப்பியளா என்று நேரடியாகக் கேட்டவள். எப்பவாவது என்றேன். எப்பவுமே கூடாது என்றாள். விட்டுவிட்டேன். சத்தியமாக அன்றோடு விட்டேன், ஒரு கஷ்டமும் படவில்லை, அவ்வளவு சுலபமாக நான் ஒன்றை விட்டேன், இவளால் ஏன் புத்தகத்தை விட முடியவில்லை என்று யோசித்தால் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, கோபத்தை எங்கே கொண்டு வைப்பது, குழாயை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறவள் மேலா வைப்பது.

புத்தகம் என்று சொன்னால் டாக்டருக்கு என்ன தெரியும், பாடப்புத்தகம் மாதிரி நினைத்துக்கொள்வார். சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் மிஷன் அச்சுக்கூடங்களில் அடித்த மதுவிலக்குப் பிரசுரங்கள் டாக்டர், கள்ளு குடிக்காதே, சாராயம் தொடாதே, குடித்து அழிந்த இன்னாரின் சரித்திரம், குடியை விட்டு மனந்திரும்பின இன்னாரின் சாட்சி, கையகலம் இருக்கும், சிலது எட்டுப் பக்கம், சிலது தலைக்கு வைத்துப் படுக்கலாம் போலக் கனம். இதைப் போய் யாராவது சேர்ப்பார்களா என்றால் இவள் சேர்த்தாள். பள்ளிக்கூடத்தில் பழைய அலமாரியைக் கழித்துக் கட்டும்போது குப்பையில் கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள், அது தொடக்கம். அதற்குத் துணை வேண்டுமென்று இன்னொன்று. அப்புறம் பழைய பேப்பர் கடைக்காரர்களெல்லாம் இவளுக்கு அண்ணாச்சிகளாகிவிட்டார்கள். அப்புறம் சாவு வீடுகள். கிராமங்களில் சபை நடத்தின பழைய உபதேசியார் குடும்பத்தில், குருவானவர் குடும்பத்தில் ஒரு சாவு விழுந்தால் இவள் போகாமல் இருக்கமாட்டாள். சவப்பெட்டி பக்கத்தில் நின்று ஜெபம் பண்ணுவாள், கண்ணீரும் உண்மையாகத்தான் வரும், ஆனால் கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் பார்வை நேரே பரணுக்குப் போகும். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன், கூசிப் போயிருக்கிறேன். அடக்கம் முடிந்து வீட்டுக்காரர்கள் காப்பி கொடுக்கும்போது மெதுவாக ஆரம்பிப்பாள், தாத்தா காலத்துப் புஸ்தகம் ஏதாச்சும் மேல கெடக்காம்மா. அவர்களுக்கு அது குப்பை. எடுத்துட்டுப் போங்க டீச்சர் என்று சந்தோஷமாக இறக்கிக் கொடுப்பார்கள், எலிப்புழுக்கையும் ஒட்டடையுமாக. ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன் நான். ஏணி பிடித்தவன் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா. எதற்கு இதெல்லாம் என்று ஒருதடவை கேட்டேன். “எழுதுனவன் பேரு இருக்கு, அச்சடிச்சவன் பேரு இருக்கு, குடிச்சவன் பேரும் இருக்கு. அடி வாங்குனவ பேரு மட்டும் இல்ல, எல்லாத்துலயும் அவன் பெண்சாதி, அவன் பெண்சாதின்னே போட்டுருக்கான். ஒண்ணுலயாவது இருக்கான்னு பாக்கேன்” என்றாள். நியாயமாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றிலும் நியாயமாக இருக்கிறவளைத் தடுக்க முடியாமல் போவது மாதிரி ஒரு கொடுமை கிடையாது.

திரும்ப ஊதச் சொல்கிறாள். ஊதுங்க ஊதுங்க. புத்தகத்தை முகர்ந்து பார்க்கிற பழக்கம் வேறு இவளுக்கு. அதுதான் எல்லாவற்றிலும் மோசம், அதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு புத்தகம் கைக்கு வந்து அட்டையில்லை, வருஷம் போட்ட பக்கம் இல்லை என்றால், நடுவில் விரித்து மூக்கை உள்ளே வைத்து நெஞ்சு நிறைய இழுப்பாள். கந்தல் துணியில் செய்த தாளுக்கு ஒரு வாசமாம், மரக்கூழில் செய்த தாள் புளித்துப்போன வாசமாம், அதை வைத்தே முந்தினதா பிந்தினதா என்று சொல்லிவிடுவாள். சென்னையிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பார்த்து அசந்துபோனார்கள். நானும் பெருமைப்பட்டேன், இன்னொண்ணு மோந்து காட்டு என்றேன், காட்டினாள். ஒவ்வொரு பக்கமாகப் பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் தட்டுவாள். பூஞ்சை பூத்துப்போய் வெள்ளைப்பொடி படிந்த பக்கங்கள், மஞ்சள்பொடி, சிலதில் கறுப்பு. ஃபேன் போடக்கூடாது, உதிர்ந்த துண்டு பறந்துவிடும். ஜன்னல் திறக்கக்கூடாது, வெயில் பட்டால் எழுத்து மங்கும். மூக்கில் துணி கட்டிக்கொள் என்றால் வாசம் தெரியாதே என்பாள். அந்த அறைக்குக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டி ஒட்டினவன் யார், நான். வெள்ளிப்பூச்சி வரக்கூடாது என்று ஜன்னல் சந்தெல்லாம் மக்கு வைத்து அடைத்தவனும் நான்தான். அலமாரிக்குள் ஈரம் காயட்டும் என்று நாற்பது வாட் பல்பு போட்டுக் கொடுத்தேன், மழைக்காலத்தில் இரவும் பகலும் எரியும், அந்தச் சூட்டில்தான் அதெல்லாம் காய்ந்து பொடியாகி மேலே கிளம்பியதோ. பல்பு போடாவிட்டால் ஈரத்தில் இன்னும் பூத்திருக்கும். போட்டதால் பொடியாயிற்று. போட்டிருக்காவிட்டால் பூத்திருக்கும். இதையே எத்தனை நாள் சுற்றிச் சுற்றி வருகிறேன், கரண்டு வேலை தெரிந்தவன் என்று பெயர். அந்த அறையில்தான் எங்கள் கட்டிலும் கிடக்கிறது. வீட்டிலேயே ஒழுகாத அறை அது ஒன்றுதான், அதனால் புத்தகமும் அங்கே வந்தது, நாங்கள் முதலிலிருந்தே அங்கே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே காற்றைத்தான் இருவரும் இழுத்தோம். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. இது என்ன நியாயம் என்று யாரைக் கேட்பது.

தடுக்காமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இப்போது வாசித்துக்காட்ட அவளுக்கு மூச்சு போதாது என்பதால் சாயங்காலங்களில் நான்தான் உரக்க வாசிக்கிறேன், அவள் கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்துகொண்டு கேட்பாள், ஜன்னலை ஒரு கோடு மட்டும் திறந்துவைக்கச் சம்மதித்திருக்கிறாள். வாசித்து வாசித்து அந்தத் தமிழ் எனக்குள் இறங்கிவிட்டது. ஆனபடியினாலே என் சகோதரிகளே, உங்கள் புருஷர்கள் வெறித்துவருகிற வேளையில் எதிர்த்துப் பேசாதிருங்கள். அவர்கள் தெளிந்திருக்கிற வேளையில் கண்ணீரோடே மன்றாடுங்கள். வீட்டைச் சுத்தமாயும் போஜனத்தைச் சூடாயும் வைத்திருங்கள். குடிகாரர்களின் பெண்சாதிகளுக்கென்று எல்லாப் புத்தகத்திலும் கடைசியில் இப்படி ஒரு புத்திமதி இருக்கும். ஒருநாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று உறைத்தது, இது எனக்கு எழுதினது. குடிகாரனின் பெண்சாதி நான்தான். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தேன், சிரித்தால் சிரியுங்கள். எதிர்த்துப் பேசாமல் இருந்தேன், அந்த மாசம் இரண்டு சாக்குப் புத்தகம் வந்தது. கண்ணீரோடு மன்றாடினேன், என் கண்ணீரைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு அதே முந்தானையால் ஒரு அட்டையையும் துடைத்தாள். சமைக்கக் கற்றுக்கொண்டு சூடாகப் போட்டேன், ரசம் நல்லாருக்கு என்றாள். கட்டுக்கட்டாக எடுத்து மொட்டைமாடி அறையில் ஒளித்துவைத்தேன், அந்தப் படி ஏறிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள், அன்றைக்கு உதடு நீலமாகிவிட்டது, நான்தான் ஏற வைத்தேன் என்று ஆயிற்று. எங்கள் சபை ஐயரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னேன். ஐயர் வந்தார், புத்தகங்களைப் பார்த்தார், என்ன அருமையான ஊழியம் டீச்சர் என்று சொல்லி திருச்சபை மகாநாட்டில் கண்காட்சி வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். கோயம்புத்தூரிலிருந்து மகள் போனில், அப்பா நீங்க கொஞ்சம் கண்டிப்பா இருக்கணும் என்கிறாள். கண்டிப்பாக இருக்கிறதென்றால் என்ன பண்ணுவது. தீ வைக்கிறதா. ஒருதடவை அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது ஒரு கட்டைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் தீப்பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். மேலே கிடந்த புத்தகத்தில் அவளுடைய எழுத்தில் பென்சிலால் ஒரு சின்னக் குறிப்பு இருந்தது, இதிலும் பெயர் இல்லை என்று. தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டு எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினேன். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டுமே என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அடுக்கினேன்.

பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை. அவள் தூங்கும்போது ஓட்டை பம்பில் காற்றடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வருகிறது, சத்தம் வந்தால் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். கல்யாணமான புதிதில் மேலப்பாளையம் சந்தை வழியாக நடந்து போனோம், என்னைவிட வேகமாக நடப்பாள், நில்லு பிள்ள என்று பின்னாலிருந்து நான் கத்த வேண்டும், திரும்பிப் பார்த்து, ஃபோர்மேனுக்கு இம்புட்டுத்தான் தெம்பா என்று நிற்பாள். இன்றைக்குப் பஸ்ஸிலிருந்து இந்த வாசல் வரைக்கும் அவளுக்காக நான் நின்று நின்று வந்தேன். கடைக்கு முன்னால் செருப்பு பார்க்கிற மாதிரி நின்றேன், சுவரொட்டி வாசிக்கிற மாதிரி நின்றேன். அவளுக்காக நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்துதான் இருக்கும். சொல்லிவிடுவேன். அவள் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, வெறுப்பதற்கு ஆள் இருக்க வேண்டுமே. டாக்டர், வீட்டில் பழைய புத்தகம் இருக்கு.

கதவு திறந்துவிட்டது. மூக்கில் கிளிப் வைத்த தடம் சிவப்பாக, நெற்றியெல்லாம் வியர்வையாக வெளியே வந்தாள். “ஃபெயில் ஆக்கிட்டா” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. அந்தப் பெண்ணே எங்களை டாக்டர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தாள். டாக்டர் நஸ்ரின் கம்ப்யூட்டரைப் பார்த்தார், போன தடவையைவிடக் குறைஞ்சிருக்கு என்றார், மெதுவாகத்தான் சொன்னார்.

“அம்மா, திரும்பக் கேக்கிறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கோழி, புறா, ஏர்கூலர், சுவர்ல ஈரம், பூஞ்சை பிடிச்ச சாமான் எதாவது வீட்டுல இருக்கா?”

“ஒண்ணும் இல்ல டாக்டர். ரெண்டு பேருதான். வீடு சுத்தமா இருக்கும்.”

என் பக்கம் திரும்பவில்லை. முழங்காலில் வைத்திருந்த அவள் கை மட்டும் என் கையைத் தேடி வந்து மேலே உட்கார்ந்தது, அழுத்தவுமில்லை ஒன்றுமில்லை, சும்மா வைத்திருந்தாள். அந்தக் கையை வைத்துக்கொண்டு நான் சொல்ல வேண்டும். மனப்பாடம் பண்ணினதெல்லாம் போய்விட்டது. “டாக்டர், புஸ்தகம்” என்றேன். எந்தப் புத்தகம் என்றார். அப்புறம் எப்படிச் சொன்னேனோ தெரியாது, பரண், பிரஷ், முகர்கிறது, வெள்ளைப்பொடி, பல்பு, ரப்பர் பட்டி, முன்னுக்குப் பின்னாக உளறிக்கொட்டினேன், நடுவில் அழுதும்விட்டேன், அறுபத்தைந்து வயசுக்காரன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

“அந்த ரூம்லதான் படுக்கிறீங்களா?”

ஆமாம் என்றேன். அவர் பிரிசில்லாவைப் பார்த்து, கோபமில்லாமல், சொல்லியிருக்கலாமேம்மா என்றார். தழும்பான இடம் தழும்பானதுதான், அது திரும்பாது, மிச்சம் இருப்பதை வைத்து நல்லபடியாக நடமாடலாம், ஆனால் அந்தப் புத்தகம் ஒரு கட்டுகூட வீட்டில் இருக்கக் கூடாது, நீங்கள் அதைத் தொடக் கூடாது, அது இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது, இப்படியே தொடர்ந்தால் அடுத்த மழைக்காலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது என்றார். பிரிசில்லா நல்ல மாணவி மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். “சரி டாக்டர். தேங்க்ஸ் டாக்டர்.” என் கையிலிருந்து அவள் கை எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

வெளியே வந்து வராந்தாவில் நடந்தோம். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும், நானும் நாலு வார்த்தை திருப்பிக் கேட்கலாம், அழலாம், அப்படியே பேசி முடித்துவிடலாம். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடந்தாள், நின்றாள், பெஞ்சில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

“நல்லதுக்குத்தான சொன்னிய” என்றாள். “நானே சொல்லணும்னுதான் இருந்தேன். வாய் வரல.”

எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. பல்கலைக்கழகத்தில் கேட்போம், வாங்கிக்கொள்வார்கள், உன் பேரைப் போட்டு ஒரு அலமாரி வைப்பார்கள், நான் கட்டிக் கொடுக்கிறேன், நீ பக்கத்திலேயே வர வேண்டாம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டே போனேன். எல்லாவற்றுக்கும் ம், ம் என்றாள். முகம் தெளிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் என் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. சொல்லுவாள், செய்வேன், அதுதான் எங்கள் வழக்கம்.

“ஏங்க. சாயர்புரத்துல ஒரு பழைய வீட்ட நாளைக்கு இடிக்காங்களாம். உபதேசியார் வீடு. மச்சுல ஒரு டிரங்குப் பெட்டி இருக்காம், அந்த வீட்டுப் பிள்ளை நேத்து போன்ல சொல்லிச்சு. இடிக்கிறவன் கையில கிடைச்சா அடுப்புக்குப் போயிரும். அந்த ஒண்ண மட்டும் பாத்துட்டு வந்துருவோம். நான் தொடக்கூட மாட்டேன், நீங்க விரிச்சுக் காட்டுங்க, தூரத்துல நின்னு பாக்கேன். அதோட விட்டுருதேன். இது கடைசி. சத்தியமா கடைசி.”

அவள் முகத்தைப் பார்த்தேன். கண் பளபளவென்று இருக்கிறது, உதட்டோரம் லேசாக நீலம், பதிலுக்காக வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு என்னையே பார்க்கிறாள். கூடாது என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே வாயைத் திறந்தேன்.

“எத்தன மணிக்குப் போவணும்?” என்றேன்.

சொல்ல வாயெடுத்தாள், இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு கையால் முதுகைத் தடவிக்கொண்டு, மறு கையில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் இருமி முடித்து நேரத்தைச் சொல்வதற்காக உட்கார்ந்திருந்தேன்.